விருந்தினரை எண்ணிய தீவு

நுழையும்முன்

விடுமுறை என்றதும் பலரின் நினைவில் எழும் காட்சி கடற்கரை. வெண்மணலையும் நீலநீரையும் தென்னை நிழலையும் நாடி உலகெங்கும் மக்கள் பயணம் செய்கின்றனர். அவர்கள் தங்கிச் சென்றபின் அக்கரை என்னவாகிறது? நாடி வந்தோரின் மிகுதியால் நோயுற்று, ஆறு மாதங்கள் கதவடைத்துக்கொண்ட ஒரு தீவின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

மணல் பிறந்த கதை

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட தீவுகளால் ஆன நாடு. அதன் நடுப்பகுதியில் பனாய் என்னும் பெரிய தீவு உள்ளது. அதன் வடமேற்கு முனையை அடுத்து, குறுகிய நீரிணைக்கு அப்பால் அமைந்திருப்பது போராக்காய். அதன் பரப்பு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மேற்குக் கரையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்திற்கு விரிந்து கிடக்கும் வெண்மணற்பரப்பே இத்தீவுக்கு உலகப்புகழ் தேடித் தந்தது.

அம்மணல் மாவைப்போல் மென்மையானது. நண்பகலிலும் காலை அதிகம் சுடாது. பவளங்களும் கிளிஞ்சல்களும் நெடுங்காலம் அலைகளால் அரைக்கப்பட்டு உருவான வெண்ணிறத் துகள்கள் அவை. ஆதலால் வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகின்றன. கடலுக்கடியில் பவளப்பாறைகள் உயிரோடு இருக்கும்வரையே இம்மணலுக்கு வரத்து உண்டு. அலைகளின் வேகத்தைத் தணித்து, மணல் அரித்துச் செல்லப்படாமல் காப்பவையும் அப்பாறைகளே. பயணி காலால் உணரும் அழகு, அவர் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் உழைப்பு.

மூன்று நாள் தங்கல்

போராக்காய்க்குச் செல்லும் பயணி, பனாய் தீவின் காட்டிக்லான் துறையில் படகேறிச் சில நிமிடங்களில் நீரிணையைக் கடக்கிறார். விடுதியில் குளிக்கிறார்; மீன் உணவு உண்கிறார்; மாலையில் 'பராவ்' எனப்படும் பாய்மரப் படகில் ஏறிக் கதிரவன் மறைவதைக் காண்கிறார். மூன்று நாள்களில் மனம் நிறைந்து ஊர் திரும்புகிறார்.

இத்தங்கலுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. அவர் குளித்த நீர், பனாய் தீவின் ஆற்றிலிருந்து கடலடிக் குழாய் வழியே வந்தது. உணவுப்பொருள்களில் பெரும்பகுதி படகில் வந்தது. அவர் விட்டுச்சென்ற குப்பையும் கழிவுநீரும் மட்டும் சிறு தீவின் பொறுப்பாயின. ஒருவரின் சுமை சிறிதே. ஆனால், 2017ஆம் ஆண்டில் மட்டும் இத்தீவுக்கு 20 இலட்சம் பயணிகள் வந்தனர்.

வளர்ச்சியும் நோயும்

1970களில் போராக்காய்க்கு வந்தோர் சிலரே. அவர்கள் மீனவர்களின் குடியிருப்புகளை ஒட்டி, நீப்பா ஓலை வேய்ந்த குடில்களில் தங்கினர். 1978ஆம் ஆண்டு அரசாணை ஒன்று, இத்தீவைச் சுற்றுலாப் பகுதியாகவும் கடல்சார் காப்பிடமாகவும் ஒருங்கே அறிவித்தது. சுற்றுலாவை வளர்ப்பதும் கடலைக் காப்பதும் அவ்வாணையின் இரு நோக்கங்கள். முன்னது விரைந்து வளர்ந்தது. பின்னது தாளில் நின்றது.

விடுதிகள் பெருகின. அவற்றுள் பல, கழிவுநீர்க் குழாயமைப்பில் இணையாமலே இயங்கின. மழைநீருக்கென அமைந்த வடிகால்களில் கழிவுநீர் கலந்து கடலை அடைந்தது. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரமாகும். பாசி பெருகினால் ஒளியும் இடமும் இன்றிப் பவளம் நலியும். பவளம் நலிந்தால் மணலுக்கு வரத்தும் இல்லை, காவலும் இல்லை. கோடைக்காலத்தில் வெண்மணலின் ஓரமெங்கும் பச்சைப்பாசி படர்ந்தது.

1988 முதல் 2011 வரையிலான காலத்தில் இத்தீவின் பவளப்பரப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது என ஆய்வு ஒன்று காட்டியது. மழைநீரைத் தேக்கிவந்த ஒன்பது ஈரநிலங்களுள் பலவற்றின்மீது கட்டடங்கள் எழுந்தன; மழைக்காலங்களில் தெருக்களில் வெள்ளம் நின்றது. தீவுக்குச் சோறு போட்ட அழகையே தீவு உண்ணத் தொடங்கியிருந்தது.

கதவடைப்பு

2018 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் ரொட்ரிகோ டுட்டெர்ட்டே, போராக்காயைக் 'கழிவுநீர்க்குழி' என்று வெளிப்படையாகக் கடிந்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்குப் பயணிகள் எவரும் தீவில் கால்வைக்கத் தடை விதிக்கப்பட்டது. கரையோர வரம்பை மீறிய கட்டடங்கள் இடிக்கப்பட்டன, சாலைகள் அகலப்படுத்தப்பட்டன, கழிவுநீரைக் கடலுக்குக் கடத்திய குழாய்கள் தோண்டி எடுக்கப்பட்டன.

கடல் ஓய்வு பெற்றது. ஆனால், அந்த ஓய்வுக்குரிய விலையை யார் கொடுத்தார்? விடுதியின் சமையலர், படகோட்டி, துணி வெளுப்பவர், கட்டடத் தொழிலாளி எனப் பல்லாயிரவர் ஒரே நாளில் வேலையிழந்தனர். தூய்மைப் பணி போன்ற தற்காலிக வேலைகளைச் சிலர் பெற்றனர். பலர் தீவைவிட்டே வெளியேறினர். கழிவுக்குழாயைக் கடலுக்குள் திருப்பியவர்கள் இவர்கள் அல்லர். நோயை உண்டாக்கியவர் ஒருவராகவும், மருந்தின் கசப்பை உண்டவர் வேறொருவராகவும் அமைந்தது இவ்வரலாற்றின் துயரம். முறைகேட்டை அன்றன்றே தடுத்திருந்தால் இக்கடுமருந்துக்குத் தேவை எழுந்திராது.

எண்ணும் கலை

2018 அக்டோபர் 26 அன்று தீவு மீண்டும் திறக்கப்பட்டது. ஓரிடம் தன் இயல்பு கெடாமல் எத்தனை பேரைத் தாங்கும் என்னும் அளவே 'தாங்குதிறன்' ஆகும். போராக்காயில் ஒரே நேரத்தில் தங்கத்தக்க பயணிகள் 19,215 பேர் என்றும், நாளொன்றுக்கு வரத்தக்கவர் 6,405 பேர் என்றும் வரையறுக்கப்பட்டது. ஒருவர் சராசரியாக மூன்று நாள் தங்குவார் எனக் கொண்டால் இவ்விரு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணலாம். அரசின் ஒப்புதல் பெற்ற விடுதியில் முன்பதிவு செய்தவர்களே அனுமதிக்கப்பட்டனர். கடற்கரையில் புகைத்தலும் மது அருந்துதலும் தடை செய்யப்பட்டன.

எனினும், எண்ணை வகுப்பது எளிது, காப்பது அரிது. 2022 ஏப்ரலில், கிறித்தவர்களின் புனித வார விடுமுறையின்போது, வந்தோர் தொகை இவ்வரம்பை மீறியது. ஒருமுறை பெற்ற நலம் என்றும் நிலைப்பதன்று என்பதற்கு இதுவே சான்று.

முதற்குடிகள்

பயணிகளைப் பற்றிப் பேசும்போது மறக்கப்படுவோர் உண்டு. போராக்காயின் தொன்மையான குடிகள் 'ஆட்டி' இன மக்கள். நிலத்தின் விலை ஏற ஏற, அவர்கள் வாழ்ந்துவந்த கரைகளிலிருந்து ஓரங்கட்டப்பட்டனர். 2018 நவம்பரில் ஆட்டி மக்களுக்குச் சில ஏக்கர் நிலத்திற்கான உரிமை ஆவணங்கள் அரசால் வழங்கப்பட்டன. பின்னர், வேறு சிலரும் உரிமை கோரியதால் அந்நிலம் குறித்த சிக்கல் தொடர்ந்தது. கடற்கரையைத் தூய்மையாக்குவதோடு மீட்பு முடிவதில்லை. அக்கரைக்கு உரியோரின் வாழ்வும் அதில் அடங்கும்.

விருந்தினரின் கடமை

விருந்தோம்பல் தமிழர் போற்றும் பண்பு. இல்லத்தார் ஆற்ற வேண்டியவற்றை நாம் நன்கறிவோம். விருந்தினர் ஆற்ற வேண்டியவற்றையும் போராக்காய் நினைவூட்டுகிறது. அளவறிந்து வருதல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல், குப்பையை விட்டுச் செல்லாமை, அவ்வூராரின் வாழ்வை மதித்தல் ஆகியன பயணியின் கடமைகள். 'எண்ணுதல்' என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கணக்கிடுதல், நினைத்தல் என இருபொருள் உண்டு. தீவு விருந்தினரைக் கணக்கிட்டது. விருந்தினரும் தீவை நினைக்கக் கடமைப்பட்டவர்கள். இவ்விரண்டும் கூடும் இடத்தில்தான் அடுத்த தலைமுறைக்கும் வெண்மணல் எஞ்சும்.

தெரிந்து தெளிவோம்

தாய்லாந்தின் பி பி லே தீவில் உள்ளது மாயா விரிகுடா. 2000ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்றால் புகழ்பெற்ற இச்சிறு கரைக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பவளங்கள் அழிந்ததால் 2018 ஜூன் மாதத்தில் மூடப்பட்டு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இடைக்காலத்தில் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் அங்கு மீண்டும் காணப்பட்டன. படகுகள் விரிகுடாவிற்குள் நுழைய இப்போது அனுமதியில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சுற்றுலா இடம் ஒன்றின் தாங்குதிறனைக் கணிக்க எவ்வெவற்றைக் கணக்கில் கொள்வீர்கள்? பட்டியலிடுக.

2. 'சுற்றுலாத்தலத்தைச் சீரமைக்க அதனை முழுமையாக மூடுதல் முறையா?' என்னும் தலைப்பில், படகோட்டி, விடுதி உரிமையாளர், பயணி, ஆட்டி இனத்தவர் ஆகியோரின் நிலையிலிருந்து வகுப்பில் கலந்துரையாடுக.