கிளட்ச் பெடல் கத்துதா? பிளேட்டை மாற்றும் முன் பெடலைப் பாருங்க!



இந்த மாதப் பாடம் ஜீப்பைப் பற்றியது. "எங்களுக்கு எதுக்குங்க வண்டிப் பாடம்? அதைத்தான் டிரைவர் தம்பி பாத்துக்கிறாரே" என்று சிலர் நினைக்கலாம். ஓட்டுவது டிரைவர்தான். ஆனால் ரிப்பேர் செலவு வவுச்சரில் கையெழுத்துப் போடுவது யார்? ஊக்குநரும் பிரதிநிதியும்தானே! பஸ் வராத மலை ஊர்களில் சந்தைக்கு மூட்டை ஏற்றவும், ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஜீப்தான் கதி. கடன் வாங்கி ஜீப் விடுகிற குழுக்களுக்கு அது நின்றால் வருமானமும் நின்றுபோகும். அதனால் இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

மலை ஜீப்புகளில் அடிக்கடி வரும் தொல்லை, கிளட்ச் பெடலை மிதிக்கும்போது வரும் "கிரீச், கிரீச்" சத்தம். கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டும். அதோடு ஓடைத் தண்ணீரும் சேறும் வண்டிக்கு அடியில் அடித்து, இருக்கிற கிரீஸை எல்லாம் கழுவிவிடும். காய்ந்த இரும்பு இரும்போடு உரசினால் கத்தாமல் என்ன செய்யும்? எண்ணெய் காணாத கிணற்றுச் சகடை கத்துகிற மாதிரிதான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவின் ஜீப்புக்கு இதே சத்தம் வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். "கியர் பாக்ஸை இறக்கணும், கிளட்ச் செட்டையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குழுவின் பிரதிநிதி அக்கா தையல் மிஷின் ஓட்டுகிறவர். "ஏன் தம்பி, வண்டி மேட்டுல நல்லா இழுக்குது, கியரும் லேசா விழுது. அப்புறம் பிளேட்டுக்கு என்ன கேடு?" என்று கேட்டார். பதில் வரவில்லை. வேறு மெக்கானிக் பார்த்தபோது, பெடல் திரும்புகிற இடத்தில் புஷ் தேய்ந்து, கிரீஸ் சுத்தமாகக் காய்ந்திருந்தது. புஷ் மாற்றி கிரீஸ் வைத்ததோடு வேலை முடிந்தது. அக்கா கேட்ட அந்தக் கேள்விதான் இன்றைய பாடம்.

முதலில் கிளட்ச் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வோம். இன்ஜின் சுற்றும் வேகம் கியர் பாக்ஸுக்குப் போவது ஒரு வட்டமான பிளேட் வழியாக. அந்தப் பிளேட்டை ஸ்பிரிங் விசை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். நாம் பெடலை மிதித்தால் பிடி விடும், கியர் மாற்றலாம். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். பெடலில் இருந்து பிளேட் வரை வரிசையாகப் பல பாகங்கள் இருக்கின்றன: பெடல் திரும்பும் ஷாஃப்ட், புஷ், காலை எடுத்ததும் பெடலை மேலே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங், அதற்குப் பிறகு கம்பி ராடு அல்லது கேபிள், கடைசியில் ஃபோர்க், ரிலீஸ் பேரிங். சில வண்டிகளில் கேபிளுக்குப் பதிலாக, பிரேக்கில் இருப்பது போல ஆயில் சிலிண்டர் இருக்கும். சத்தம் இதில் எங்கிருந்தும் வரலாம். பிளேட் பழுதானால் அதற்கு வேறு அடையாளம் உண்டு. மேட்டில் இன்ஜின் உறுமும், வண்டி ஏறாது. கருகிய வாடை வரும். இது இரண்டும் இல்லாமல் வெறும் கிரீச் மட்டும் என்றால், பிளேட் மேல் சட்டென்று பழி போட வேண்டாம்.

இனி சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியை ஒருவர் இடுப்பில் சொருகிக்கொள்ளலாம். (யாராவது தெரியாமல் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது அல்லவா!) இப்போது ஒருவர் பெடலைக் கையால் மெதுவாக அமுக்கி விட வேண்டும். இன்னொருவர் குனிந்து காது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்தால், கத்துகிற இடத்தில் ஒரு அதிர்வு தெரியும். ஸ்பிரிங்குக்கு இடையில் மட்டும் விரலை விடாதீர்கள், நசுங்கிவிடும். இன்னும் சந்தேகம் என்றால், ஒரே ஒரு இடத்தில் இரண்டு சொட்டு மிஷின் ஆயில் விட்டு அமுக்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான் இடம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டால் எது கத்தியது என்று கடைசிவரை தெரியாது.

பிறகு இன்ஜினை ஓட விட்டுக் கேளுங்கள். அப்போது வண்டிக்கு அடியில் யாரும் தலையோ கையோ விடக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்தால் மட்டும் "ஊய்" என்று ஒரு சத்தம் கிளம்பி, காலை எடுத்ததும் நின்றால், ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம். இதுவே தலைகீழாக, காலை எடுத்தால் சத்தம் வந்து மிதித்தால் நின்றால், கியர் பாக்ஸ் பக்கத்துப் பேரிங்காக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அங்கே மெக்கானிக் சொல்வது நியாயம்.

வெளியில் இருக்கிற பாகம்தான் கத்துகிறது என்றால் நாமே செய்யலாம். பழைய மாடல் ஜீப்புகளில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். அந்த ஷாஃப்ட் சேற்றுக்கு நேராகவே இருக்கும். சிலவற்றில் கிரீஸ் நிப்பிள் உண்டு. நிப்பிளை முதலில் துணியால் நன்றாகத் துடையுங்கள். துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால் சேற்றையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவோம். பழைய கறுத்த கிரீஸ் வெளியே பிதுங்கி வரும் வரை அடித்தால் போதும். மிச்சத்தைத் துடைத்துவிடணும், இல்லையென்றால் மண் ஒட்டும்.

நிப்பிள் இல்லை, அல்லது பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஆடுகிற பெடலுக்குக் கிரீஸ் வைத்தால் நாலு நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். புஷ் மாற்றுவதே வழி. முதலில் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கட்டிங் பிளேயரால் எடுக்கணும். அது தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பிளிட் பின், வாஷர். எந்த வரிசையில் கழற்றினீர்களோ அதே வரிசையில் ஒரு துணியில் பரப்பி வையுங்கள். ஷாஃப்டை மண்ணெண்ணெயில் துடைத்து, துரு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரமில்லாமல் காய விடவும். புது புஷ் போட்டு, கிரீஸ் தடவி மாட்டணும். ஸ்பிளிட் பின் மட்டும் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை வளைத்து நிமிர்த்திய பின் ஓட்டத்தில் உடைந்தால் பெடலே கழன்று வரும். மலை இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கிரீஸ்? இரும்பில் இரும்பு உரசும் இடத்துக்குக் கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் போதும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு சிலிக்கான் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். இன்ஜினில் இருந்து இறக்கிய பழைய ஆயிலை ஊற்றுவது நம்ம ஊர்ப் பழக்கம். அது புழுதியைப் பிடித்து மாவு மாதிரி ஆகி, பாகத்தை இன்னும் தேய்க்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாமுங்க. மலைக் குளிரில் அது உறைந்துவிடும் என்பது தலைக்குத் தேய்க்கிற நமக்குத் தெரியாதா?

கேபிள் வண்டி என்றால் கேபிள் முனையைப் பாருங்கள். ஓரிரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய் விட்டு ஏமாறக் கூடாது, அன்றைக்கே மாற்ற வேண்டும். ஆயில் சிலிண்டர் வண்டி என்றால், டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அந்தப் பிரேக் ஃப்ளூயிட் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். வேறு எண்ணெய் உள்ளே போனால் ரப்பர் எல்லாம் கெட்டுவிடும். கியர் பாக்ஸ் முன்னால் இருக்கும் மணி வடிவக் கூட்டுக்குள் எண்ணெய் பீய்ச்சுவதும் தவறு. அது பிளேட்டில் பட்டால் வழுக்கும். சத்தத்தை நிறுத்தப் போய் பிளேட்டைக் கெடுத்த கதையாகிவிடும். அந்தக் கூட்டில் சேரும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. பழைய பிளேட்டில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வெளியே எல்லாம் சரி செய்தும் கூட்டுக்குள்ளிருந்தே கிரீச் வந்தால், உள்ளே ஃபோர்க் உட்காரும் இடம் காய்ந்திருக்கலாம். அதற்குக் கியர் பாக்ஸ் இறங்கியே ஆகணும். இறக்குகிற கூலி எப்படியும் ஒன்றுதான், அதனால் அப்போதே ரிலீஸ் பேரிங்கையும் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் பெடலை விரலால் அமுக்கிப் பாருங்கள். ராடு அல்லது கேபிள் உள்ள பழைய ஜீப்புகளில் முதல் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை லேசாக இறங்கி, அதற்குப் பிறகே கனம் தெரிய வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். டிரைவர் தம்பி பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினாலும் இதே கேடுதான். அதை அவரிடம் தன்மையாகச் சொல்லுங்கள். பிறகு மலை ஏறும் முன் சமதளத்தில் நாலு முறை கியர் மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேச: நம் குழு வண்டிக்குக் கடைசியாகக் கிரீஸ் அடித்தது எந்தத் தேதி? அது எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?