எழுதும் ஏட்டிலேயே நிரலை இயக்கிப் பார்த்தல்

கணினிக்கு நிரல் எழுதப் பயிலும் மாணாக்கர் பலர், ஒரு சிறு வரியின் விடையை அறிதற்கும் தாம் எழுதும் ஏட்டை விட்டு வேறொரு சாளரத்திற்குச் சென்று, அங்கே அவ்வரியை மீண்டும் தட்டெழுதி, விடை கண்டு திரும்புகின்றனர். இவ்வலைச்சலின்றி எழுதிய இடத்திலேயே விடை காணும் முறையொன்று உளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முன்னாளில் ஒவ்வோர் உரைத்தொகுப்பிக்கும் ஒவ்வொரு நிரல்மொழியின் இலக்கணத்தையும் தனித்தனியே புகட்ட வேண்டியிருந்தது. தொகுப்பிகள் பத்தும் மொழிகள் இருபதும் உளவாயின், இணைப்புக்கள் இருநூறு வேண்டுமன்றோ? 2016-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் வெளியிட்ட மொழிச் சேவையக நெறிமுறை இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. மொழியறிவு சேவையகம் என்னும் தனி நிரலிடத்தே இருக்கும். தொகுப்பி அதனோடு ஜேசான் வடிவிலமைந்த செய்திகளால் உரையாடும். ஆகவே முப்பது ஆக்கங்களே அமையுமென்க.

இந்நெறிமுறையில் ‘இத்துண்டை இயக்குக’ என்றொரு செய்தி தனியே இல்லை. பிற பணிகட்கென அமைந்த உறுப்புக்களைக் கொண்டே அறிஞர் இதனைச் சாதித்தனர். ஹாஸ்கெல் மொழியின் சேவையகத்தை எடுத்துக்கொள்வோம். குறிப்புரையாக,

-- >>> 12 * 12

என நாம் எழுதின், அதன் மேலே ‘மதிப்பிடுக’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் தோன்றும். இதனைக் கோட் லென்ஸ் என்பர். அதனைச் சொடுக்கின், தொகுப்பி சேவையகத்திற்குக் கட்டளை விடுக்கும். சேவையகம் விடையைக் கணித்து, ‘ஏட்டில் இவ்வரியைச் சேர்க்க’ எனத் தொகுப்பியை வேண்டும். உடனே கீழே -- 144 என விடை அமையும். ஏட்டைச் சேவையகம் தானே திருத்துவதில்லை என்பது நோக்கத்தக்கது. மூன்று கோணக் குறிகளோ, பைத்தான் மொழியாளர் நெடுநாளாய் வழங்கியனவே.

இதனாற் பயன் யாது? முழுவெண் வகுத்தலைக் கொண்டு சராசரி காணும் சார்பொன்றை எழுதினோம் என்க. 2, 4, 9 என்னும் பட்டியலுக்கு 5 என விடை வரும், மனம் மகிழும். வெற்றுப் பட்டியலைக் கொடுத்துச் சொடுக்கினாலோ, சுழியால் வகுத்த பிழையென்று அவ்விடத்திலேயே அறிவிக்கும். வகைச் சோதனை இக்குற்றத்தைக் கண்டிலது. மொழிபெயர்ப்பியும் வாளா இருந்தது.

எனினும் இரண்டிடங்களில் விழிப்பு வேண்டும். சார்பைப் பின்னர் மாற்றினும் முன்னெழுதிய விடை தானே மாறாது. நாம் மீண்டும் சொடுக்குங்காறும் அப்பழைய விடை மெய்போலக் கீழே நின்று படிப்போரை மயக்கும். நாமும் ஒருகால் இவ்வாறு மயங்கி, சரியான சார்பைக் குலைத்து அரைநாள் வீணாக்கினோம். மற்றொன்று, மதிப்பிடல் என்பது மெய்யாகவே இயக்குதலாம். கோப்பை அழிக்கும் வரியாயின் கோப்பு அழிந்தே போம். அயலார் எழுதிய ஏட்டைத் திறந்தவுடன், படியாது சொடுக்குதல் கூடாது.