ஸ்டார்ட்டர் பெட்டியில் உஷ்ணம்

கோடைப் பகலில் பம்பு செட் அடிக்கடி தானே நின்றுவிடுமாயின், மோட்டாரைக் குறை கூறுமுன் சுவரில் மாட்டியுள்ள ஸ்டார்ட்டர் பெட்டியை ஆராய்தல் நலம். விசைத்தறி நடத்தும் அங்கத்தினர்களுக்கும் இப்பாடம் பொருந்தும்.

மின்சாரம் பாயும் கம்பி, இணைப்பு ஒவ்வொன்றிலும் உஷ்ணம் பிறக்கிறது. அது மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். 10 ஆம்பியர் ஓடிய இடத்தில் 12 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கே கூடுகிறது. உஷ்ணமோ 44 சதவீதம் கூடிவிடுகிறது. வோல்டேஜ் குறையும்போது அதே நீரை இறைக்க மோட்டார் அதிக ஆம்பியர் இழுப்பதும், இணைப்புத் திருகு தளர்ந்திருப்பதும் இவ்விதம் பெட்டியைக் காய்ச்சுகின்றன. மூடிய பெட்டியின் உஷ்ணம் தகட்டின் வழியாகவே வெளியேற வேண்டும். அத்தகட்டின்மீது வெயிலும் விழுந்தால் வெளியேறுவது எங்ஙனம்?

பெட்டியிலுள்ள ஓவர்லோடு ரிலேயில் இரு உலோகங்கள் சேர்ந்த தகடு ஒன்று உண்டு. மிகை ஆம்பியரால் சூடேறி வளைந்து, மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காப்பது அதன் வேலை. சுற்றுப்புற உஷ்ணத்தை ஈடு செய்யும் அமைப்பு இல்லாத ரிலேயில், பெட்டியின் வெக்கையாலேயே அத்தகடு முன்கூட்டி வளைந்துவிடும். இதை அறியாத சிலர், ரிலேயின் அளவை உயர்த்தி வைக்கின்றனர். பகலில் பம்பு நிற்காது ஓடும். ஆயின் இரவின் குளிர்ச்சியில் மெய்யாகவே சுமை மிகும்போது தகடு உரிய காலத்தில் வளையாது. காயில் கருகும். மறுபடி காயில் கட்டி வரும்வரை பயிர் வாடும்.

ஆகவே, பெட்டியை வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரில் அமைக்க வேண்டும். அதன்மேல் சாக்கு, துணி போடலாகாது. மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்சாரம் இல்லையென்று சோதித்தறிந்த பின்னரே எலெக்ட்ரீஷியன் திருகுகளை முடுக்க வேண்டும். பழுப்பேறிய கம்பி, கருகல் நாற்றம் ஆகியவை தளர்ந்த இணைப்பின் அடையாளங்கள். ரிலேயின் அளவு, மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியருக்கும் ஸ்டார்ட்டரின் வகைக்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

காற்றுக்கென்று பெட்டியில் தாமே துளையிடுவது தவறு. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி உட்புகுந்து தீப்பற்றக்கூடும். கிணற்றடியில் ஈரமும் பூச்சியும் புகும். இடம் போதாதெனில் பெரிய பெட்டி வாங்குவதே முறை. பரப்பு மிகுந்தால் உஷ்ணம் எளிதில் வெளியேறும்.

ரிலே நிறுத்தும்போது அதை வாய் அடைக்காது, காரணத்தைத் தேடுவோமாக.