டிகாக்‌ஷனுக்குத் தீ வேண்டாம்

மாகறல் தம்பிக்கு,

பில்டரில் டிகாக்‌ஷன் இறங்க அரை மணி நேரம் பிடிக்கிறதே, தூளை அடுப்பில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் என்ன என்கிறாய். பட்டு நெய்யும் வட்டாரத்துப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துத்தான் பசையை எடுக்கிறார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போகும், போனால்தான் நூல் மினுங்கும். காபித் தூள் கதை வேறு. அதில் தண்ணீரில் கரையக்கூடியது சுமார் 30 சதவீதம். ருசிக்கு 20 சதவீதம் இறங்கினால் போதும். புளிப்பும் மணமும் முந்திக்கொண்டு வரும். கடுங்கசப்பும் துவர்ப்பும் பின்னால் வரும். நம்பாவிட்டால், முதல் டிகாக்‌ஷனில் ஒரு சொட்டும் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதில் ஒரு சொட்டும், பால் விடாமல் நாக்கில் வைத்துப் பார். கொதிக்கவிட்டால் இந்தப் பின்கசப்பு முழுவதும் முதலிலேயே வந்து கலந்துவிடும். மணமோ ஆவியோடு கூடத்துக்குப் போய்விடும்.

இத்தாலிக்காரர்கள் அடுப்பில்தானே வைக்கிறார்கள் என்பாய். 1933-இல் வந்த பியாலெட்டியின் மோக்கா பாத்திரத்திலும் தூள் கொதிப்பதில்லை. கீழறையில் தண்ணீர் சுட்டு, ஆவியின் அழுத்தம் அதைத் தூள் வழியாக மேலே தள்ளுகிறது. கடைசியில் கொறகொறவென்று சத்தம் வரும். தண்ணீர் தீர்ந்து வெறும் ஆவி தூளைச் சுடுகிறது என்று பொருள். பழகியவர்கள் அதற்கு முன்பே இறக்கிவிடுவார்கள். அவசர நாளுக்கு அது நல்ல சாமான்தான். பித்தளை பில்டர் அழுத்தத்துக்குப் பதில் நேரத்தைக் கேட்கிறது, அவ்வளவே.

ஆறிய டிகாக்‌ஷனைச் சுடவைக்காவிட்டால் காபி பச்சைத் தண்ணீராகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்: 30 டிகிரியில் 30 மில்லி டிகாக்‌ஷன், 90 டிகிரியில் 120 மில்லி பால். கலந்தால் ஏறக்குறைய 78 டிகிரி. தம்ளர் கொஞ்சம் உறிஞ்சினாலும் டபராவில் ஆற்றித்தான் குடிக்க வேண்டியிருக்கும். சூடு பாலின் வேலை. கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்பதும் சரியில்லை. நிறத்தைக் கூட்டும் சிக்கரியில் கஃபீன் கிடையாது. கலப்புத் தூளில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்கு.

எழுந்ததும் முதல் வேலையாகத் தூளைத் தளர்வாகப் பரப்பி, குடையை அழுத்தாமல் வை. கொதித்து அடங்கிய தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடு. பல் துலக்கி, வாசல் தெளித்து, பால் வாங்கி வருவதற்குள் கீழ் டப்பா நிறைந்திருக்கும்.