செல்போன் டவரும் சிட்டுக்குருவியும்

கேள்வி: பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வந்திருக்கிறோம். டி.வி.யில் ‘2.0’ படம் பார்த்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்குவதில்லை. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் கூடு கட்டிய குருவிகளையும், மாடி வீடு கட்டிய பிறகு காணோம். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? மகளை மாமியார் வீட்டுக்கே அனுப்பிவிடலாமா?
– எஸ்.ஆர்., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, மகளை எங்கும் அனுப்ப வேண்டாம். டவரால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று இதுவரை நிரூபணமாகவில்லை. பயந்ததில் தவறும் இல்லை. செல்போன் டவர் பறவைகளைக் கொல்கிறது என்ற கதையை இயக்குநர் ஷங்கர் நம்பும்படி எடுத்திருக்கிறார். 2018 நவம்பரில் படம் வெளிவரும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது.

படத்தில் போன்கள் தாமாகப் பறந்து ராட்சசப் பறவையாகின்றன. நிஜத்தில் போனில் அதிர்வுக்கான சிறு மோட்டார் தவிர அசையும் பாகம் அநேகமாக இல்லை. ரேடியோ அலை செய்தியைச் சுமக்கும், பொருளைத் தூக்காது. வானத்தில் உருவம் காட்டும் வித்தை நம்மிடமும் உண்டு. 2022 ஜனவரி 29 அன்று டெல்லியில், பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1,000 டிரோன்கள் அதைச் செய்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இறக்கைகளும் பேட்டரியும் இருந்தன. கீழிருந்து கணினி வழிநடத்தியது.

இனி கதிர்வீச்சு. எக்ஸ்-ரே, அயனியாக்கும் கதிர் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலுவுள்ளது). மரபணுவைச் சேதப்படுத்தும் என்பதால்தான் கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்க்கிறோம். டவரின் அலைக்கு அந்த வலுவில், சுமாராகச் சொன்னால், பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். மிகச் செறிவாக இருந்தால் உடலைச் சூடாக்கும். அதற்காகத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2012 செப்டம்பரில் இந்தியா அதை உலக வழிகாட்டு அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. தூரம் இரட்டித்தால் செறிவு கால்வாசியாகும். டவரின் ஆன்டெனா அலையைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வீசும். ஆகவே நேர் கீழே இருக்கும் வீட்டில் செறிவு குறைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை’ என்ற பட்டியலில் வைத்தது உண்மை. வருடக்கணக்கில் போனைக் காதோடு வைத்துப் பேசியவர்களைப் பற்றிய, முடிவுக்கு வராத ஆய்வுகளே அதற்கு முக்கிய ஆதாரம். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கூடுதல் சக்தியோடு அலை வீசும். டவர் அருகில் இருந்தால் உங்கள் மகளின் போன் மெதுவாகப் பேசினாலே போதும்.

பறவைகள் விஷயத்தில் படம் முழுப் பொய் அல்ல. 2014-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தார், நகரத்து மின்கருவிகளின் ரேடியோ இரைச்சலில் ராபின் பறவைகள் திசையறிய முடியாமல் போவதைக் காட்டினார்கள். அது செல்போன் அலை அல்ல, அதைவிட மிகக் குறைந்த அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு) கொண்டது. டவர் பறவைகளைப் பாதிக்குமா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை, 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்க அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவும் பெருநகரங்களில் குறைந்தும் இருப்பதாகச் சொல்கிறது.

உங்கள் வீட்டுக் குருவிகள் எப்போது போயின என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: மாடி கட்டிய பிறகு. ஓட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் கூடு வைக்கும் பறவைக்குச் சமதளக் கான்கிரீட்டில் இடம் ஏது? குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் புழு பூச்சிதான் ஆகாரம். வீட்டைச் சுற்றிச் செடி இல்லாமல், இருக்கும் செடிக்கும் மருந்தடித்தால் அதுவும் கிடைக்காது.

சந்தேகம் தீரவில்லையானால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ இணையதளத்தில் பாருங்கள். அந்த டவர் விதிக்கு உட்பட்டதா என்று தெரியும். கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வந்து அளப்பார்கள். மகளை ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள். இரவில் போன் தலைமாட்டில் வேண்டாம். அவள் தூங்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கட்டாயம் அதைச் சொல்லுங்கள்.

குருவிகளுக்கு, 3.2 செ.மீ. துளை உள்ள மரப்பெட்டி ஒன்றைப் பூனை எட்டாத உயரத்தில், வெயில் நேரே படாத சுவரில் மாட்டுங்கள். கொஞ்சம் கம்பு, ஒரு தட்டில் தண்ணீர், ஒரு மருதாணிச் செடி. வர மாதக்கணக்கில் ஆகலாம், பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள்.