நம்ம ஓட்டை எப்படி எண்ணுவது?



போன மாதம் மாணவர் மன்றத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மதிய இடைவேளையில் மைதானம் யாருக்கு என்று ஓட்டெடுப்பு. வகுப்புக்கு ஒரு ஓட்டு. 62 பேர் உள்ள எங்கள் வகுப்புக்கும் ஒன்று, 23 பேர் உள்ள ஆறாம் வகுப்புக்கும் ஒன்று. நாங்கள் தோற்றோம். "இது என்ன நியாயம்?" என்று வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கும் அக்கா லீவுக்கு வந்திருந்தாள். "இதைத்தாண்டி நாங்க ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறோம்" என்று சிரித்தாள். அவள் நோட்டிலிருந்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. நாட்டுக்கு ஒரு ஓட்டு: ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள். 140 கோடிக்கு மேல் மக்கள் உள்ள இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, சுமார் பத்தாயிரம் பேர் வாழும் துவாலுவுக்கும் ஒரு ஓட்டு. நம் மன்றம் இந்த வகை.

2. பணத்துக்கு ஏற்ற ஓட்டு: நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதியத்தில் பணக்கார நாட்டுக்கு ஓட்டு அதிகம். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம். பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். அதனால் அமெரிக்கா தனியாகவே தடுத்துவிடலாம். ஆப்பிரிக்காவின் 54 நாடுகளும் சேர்ந்தாலும் அந்த அளவை எட்டாது. கடன் வாங்கி அதன் நிபந்தனைகளைச் சுமப்பவர்களுக்கு ஓட்டு குறைவு! உலக ஏற்றத்தாழ்வு என்பது வருமானத்தில் மட்டும் இல்லை, இதிலும் இருக்கிறது.

3. நடுவழி: ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுவது 1979-இல் தொடங்கியது. 2024 தேர்தலில் 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, குட்டி நாடான மால்டாவுக்கு 6. ஜெர்மனியில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் ஒரு உறுப்பினர். அதே கணக்குப் போட்டால் மால்டாவுக்கு ஒரு இடம்கூட வராது! சின்ன நாட்டின் குரல் காணாமல் போகக்கூடாது என்றுதான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். (அந்தத் தேர்தலில் ஜெர்மனி, ஆஸ்திரியா, பெல்ஜியம், மால்டாவில் 16 வயதினரும் ஓட்டுப் போட்டார்கள். நம்ம பதினொன்றாம் வகுப்பு வயசு!)

அந்த நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம் தனி. அங்கே பெரும்பாலான சட்டங்களுக்கு இரண்டு பூட்டு. 27-இல் 15 நாடுகள் சம்மதிக்க வேண்டும். அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். பெரியவர் சின்னவரை மிதிக்க முடியாது; சின்னவர்கள் கூட்டுச் சேர்ந்து பெரியவரை ஓரங்கட்டவும் முடியாது. இதிலும் குறை உண்டு. வரி, வெளியுறவு போன்ற விஷயங்களில் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் எல்லாம் நின்றுவிடும்.

ஓட்டுரிமை இருந்தால் மட்டும் போதாது, அதை எண்ணும் விதியை யார் எழுதுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். நான் கற்ற பாடம் இதுதான்.

எனவே ஒரு யோசனை. பாதிக்கு மேற்பட்ட வகுப்புகள் சம்மதித்து, அந்த வகுப்புகளில் பள்ளியின் பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால்தான் மன்றத் தீர்மானம் நிறைவேற வேண்டும். அக்காவிடம் சொன்னேன். "அப்படி இருந்தாலும் நீங்க ஜெயிச்சிருக்க மாட்டீங்களே" என்றாள். உண்மைதான். ஆனால் அவர்களும் அவ்வளவு சுலபமாக ஜெயித்திருக்க முடியாது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியிருப்போம். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் விளையாட இடம் வேண்டும் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்கும்.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். இருந்தாலும் கல்லூரியில் இதைத்தான் படிப்பேன்.

உங்கள் கருத்தை எழுதி இந்தப் பலகையில் ஒட்டுங்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி