வாங்கிய நினைவகமும் காட்டும் நினைவகமும்

கணினி வாங்கிய சங்கங்களில் அடிக்கடி எழுகின்ற ஐயம் ஒன்றுண்டு. விலைப்பட்டியலில் 8 ஜிபி ரேம் என்று கண்டிருக்கும். பணமும் அவ்வாறே செலுத்தப்பட்டிருக்கும். இயந்திரத்தை இயக்கிப் பார்த்தாலோ மூன்றரை ஜிபிக்கும் குறைவாகவே பயன்படும் என்று காட்டும். 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது முதல், கணினி என்பது சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறும் பெரும் சொத்துக்களுள் ஒன்றாகிவிட்டது. இருப்புச் சரிபார்ப்பின்போது இத்தகைய வேறுபாடு தென்பட்டால், விற்றவர்மீது ஓர் ஐயமும், வாங்கிய செயலாளர்மீது அதனினும் பெரிய ஐயமும் எழுவது இயல்பே. சங்கப் பணத்தைப் பற்றிக் கேட்பது அங்கத்தினரின் உரிமை. எனினும், ஒருவரைக் குற்றவாளியாக்குமுன் செய்து பார்க்கவேண்டிய சோதனைகள் சில உள.

ரேம் என்பது கணக்குகளைச் சேமித்து வைக்கும் இடமன்று. அது தறியில் ஏற்றிய பாவு போன்றது. வேலை நடக்கும்போது மட்டும் இருப்பது. கிடங்கிலுள்ள சரக்குக்கு ஒப்பானது வட்டு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு வாதிடுவோரை நிர்வாகக் குழுக் கூட்டங்களில் காண்கிறோம்.

திரையில் ‘திஸ் பிசி’ என்னும் குறியின்மீது வலப்பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்டீஸ்’ என்பதைத் திறந்தால் இரண்டு எண்கள் தெரியக்கூடும். ஒன்று, பொருத்தப்பட்ட அளவு. மற்றொன்று, பயன்படும் அளவு. இவ்விரண்டில் எது குறைகிறது என்பதே வழக்கின் உயிர்நிலை. சங்கத்தின் நிதி முழுவதும் கடன் கொடுக்க வருவதில்லை. ஒரு பகுதி ஒதுக்குநிதியாக நிற்கிறது. அதனால் பணம் காணாமற் போயிற்று என்று யாரும் சொல்வதில்லை. பொருத்தப்பட்டது 8 என்றும் பயன்படுவது அதற்குக் குறைவு என்றும் காட்டினால், தகடுகள் உள்ளே இருக்கின்றன என்றே கொள்ளவேண்டும், விற்றவர் ஏமாற்றவில்லை.

அவ்வாறாயின் மீதி எங்கே? பெரும்பாலும் காரணம் 32 பிட் விண்டோஸ். நினைவகத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். 32 இடங்களில் சுழியையும் ஒன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் கிடைக்கும் இலக்கங்கள் 4,29,49,67,296 மட்டுமே. அதாவது 4 ஜிபி. அதிலும் திரையை இயக்கும் கருவி, வலையமைப்புக் கருவி முதலியவற்றிற்குச் சில இலக்கங்கள் போய்விடுகின்றன. எஞ்சுவது மூன்றே சொச்சம். இலக்கம் இல்லாத அறை இருந்தும் பயனில்லை. இதனை அறியாது, மேலும் ஒரு தகடு வாங்கிச் செருகுவது வீண்செலவு.

பரிகாரம் 64 பிட் விண்டோஸை நிறுவுவதே. ஆனால் 32-இலிருந்து 64-க்கு அப்படியே மேலேற்ற முடியாது; புதிதாக நிறுவவேண்டும். ஆகவே உறுப்பினர் கணக்குகள் யாவற்றையும் முன்னதாக வேறு வட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. பாஸ்புக் அச்சிடும் பொறிக்கும் கைரேகைக் கருவிக்கும் 64 பிட்டுக்குரிய இயக்கி மென்பொருள் கிடைக்குமா என்பதையும் முதலில் விசாரித்தறிதல் வேண்டும். இல்லையேல் நினைவகம் கிடைத்து, பாஸ்புக் நின்றுபோகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் 32 பிட் வகை கிடையாது என்பதையும் கருத்திற்கொள்க.

ஏற்கெனவே 64 பிட்டாக இருந்தும் ஒன்றிரண்டு ஜிபி குறைந்தால், தனித் திரையட்டை இல்லாத கணினியில் படம் காட்டுவதற்காக ரேமிலிருந்தே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். பல இயந்திரங்களில் பயாஸ் அமைப்பில் அதனைக் குறைக்கலாம். ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்று தட்டி, ‘பூட்’ பகுதியில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘மேக்ஸிமம் மெமரி’ என்பதில் குறியிடப்பட்டிருந்தால் அதை நீக்கிவிடுக. கணினி விரைவாகும் என்று எவரோ சொல்லக் கேட்டு வைத்த குறியாக இருக்கும்.

பொருத்தப்பட்ட அளவே 8-க்குப் பதில் 4 என்று காட்டினால் நிலைமை வேறு. ஒரு தகட்டைக் கணினி காணவில்லை. நமது தறிக்கூடங்களில் பஞ்சுத் தூசியும், கொள்முதல் நிலையங்களில் நெல் உமித்தூசியும் பெட்டிக்குள் புகுவது நாம் அறிந்ததே. மின்னிணைப்பை நீக்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின், தகட்டைக் கழற்றுக. பொன்னிற விளிம்பை மென்மையான அழிப்பானால் துடைத்து, இரு பக்கக் கொண்டிகளும் ‘டக்’ என்று விழும்வரை அழுத்திச் செருகுக. பல வேளைகளில் காரியம் இவ்வளவில் முடிந்துவிடும்.

முடியாவிட்டால், ஒரே ஒரு தகட்டை வைத்து ஒவ்வொரு துளையிலும் இயக்கிப் பார்க்கவேண்டும். பின்னர் மற்றத் தகட்டையும் அவ்வாறே. எந்தத் துளையிலும் தெரியாத தகடு பழுதானது. எந்தத் தகட்டையும் காட்டாத துளை மதர்போர்டின் குறை. இரண்டாவது தகடே உள்ளே இல்லையென்றால், அப்பொழுதுதான் விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் செல்லவேண்டும். அன்று நம் கையில் சான்று இருக்கவேண்டுமாயின், கணினி வந்திறங்கிய நாளிலேயே தகடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அளவு, வரிசை எண் ஆகியவற்றைப் பெட்டியைத் திறந்து பார்த்து இருப்புப் பதிவேட்டில் எழுதி, குழு உறுப்பினர் ஒருவரின் கையொப்பமும் பெற்றிருத்தல் அவசியம்.